எல்லாம் ஒரே பேச்சு

அந்த அம்மாள் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு மென்பொருள் காலி என்றது. இன்னொன்று நிரம்பியிருக்கிறது என்றது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரத் தம்பி கையை விரித்துவிட்டான். இறந்துபோன மகளின் படங்கள் இருந்த டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு அம்மாள் வீடு திரும்பினார்.

அவனுடைய அக்காவுக்கு மனசு ஆறவில்லை. கடையின் திறந்த மூல இயங்குதளத்தில் ஆளுக்கொன்று பேசிய மென்பொருள்களெல்லாம் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதை இனி ஒரே இடத்தில் கேட்டுச் சொல்லும்படி, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிரல் தொகுப்பு ஒன்றை எழுதி முடித்தாள். ஓடவிட்டதும் அம்மாளின் டிஸ்க் திரையில் தெரிந்தது. எல்லா மென்பொருளும் ஒரே அளவைச் சொல்லின. படங்கள் ஒவ்வொன்றாக நகலாயின.

"அக்கா, நீ பெரிய ஆளுதான்!" என்ற தம்பி, சந்தோஷத்தில் அம்மாளுக்குப் போன் போட்டான்.

"டிஸ்க் என்கிட்டதானே தம்பி இருக்கு?" என்றார் அவர்.

கம்ப்யூட்டரில் செருகியிருந்த கேபிளின் மறுமுனை மேசையில் வெறுமனே கிடந்தது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசாம இரு. இன்னும் கொஞ்சம் படம்தான் பாக்கி."