பரணிலிருந்து இறங்கிய பெட்டி

கால்களை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எதிரே அவர். நடுவில் ஒரு முழம் இடம்கூட இல்லை. ஆர்.ஏ.சி. டிக்கெட். ஜன்னலோர இருக்கை ஒன்றை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். படுக்க முடியாது.

நாக்பூர் வரைக்கும் இப்படியே.

திருநெல்வேலியில் ஏறியதிலிருந்து முழங்காலை மடித்தே உட்கார்ந்திருந்தாள். பாதம் மரத்துப் போயிருந்தது.

அவரும் மடித்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

"காலை நீட்டி இரும்மா," என்றாள் எதிர்வரிசையில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள். "உன் வீட்டுக்காரர்தானே? பஸ்ஸுல அசலூர் ஆம்பளை பக்கத்துல இடம் கிடைச்ச மாதிரிலா ஒடுங்கிக் கிடக்கே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கால்கள் நகரவில்லை.

நாக்பூரில் இருக்கும் மகள் கோமுவுக்குப் பிரசவ நேரம். துணைக்கு இவளை அங்கே விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்புவதாக ஏற்பாடு.

திரும்பி, வீட்டுக்கா மஸ்கட்டுக்கா என்பதுதான் தெரியவில்லை.

இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லித்தான் வந்தார். இருபது வருடத்துக்கு மேல், இரண்டு மாத விடுப்பில் வந்து வந்து போன மனிதர். வந்தால் முதல் வாரம் கறியும் மீனும். கடைசி வாரம் பொடியும் ஊறுகாயும். அவளுடைய கைக்கு அது பழகிப்போயிருந்தது.

இந்த முறையும் இரண்டாம் மாதம் முடிகிற சமயம். ஒரு காலை, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து அவருடைய பெட்டியை இறக்கினாள். ஈரத்துணியால் துடைத்தாள். பருப்புப்பொடியைக் கட்டி அடியில் வைத்தாள்.

நிமிர்ந்தபோது அவர் வாசற்படியில் நின்றிருந்தார். கையில் பல் தேய்க்கிற பிரஷ்.

அவர் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

அவள் சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம் என்று ஒரு வார்த்தை.

அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து பழைய முதலாளி பேசினார். எப்போது கூப்பிட்டாலும் மாட்டேன் என்று ஒரே பதிலாகச் சொல்கிற இவர், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

அடுப்படியில் அவள் மிக்சியை நிறுத்திவிட்டு நின்றாள்.

திண்டுக்கல் தாண்டியது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்து இருவர் முழங்காலிலும் விழுந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

கல்யாணமான புதிதில் மாஞ்சோலைக்கு மலைப் பேருந்தில் போனார்கள். வளைவுக்கு வளைவு அவளுக்குக் குமட்டியது. வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கருகே பிடித்தபடியே வந்தார். கை வலிக்கும், கொடுங்கள் என்றாலும் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டார்.

அதன் பிறகு எத்தனை பேருந்துகள். திருவனந்தபுரத்தில் அவரை ஏற்றிவிட்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெரிசலில் நின்றபடியே ஊர் திரும்பியிருக்கிறாள். குமட்டல் எந்த வருடம் நின்றது என்று அவளுக்கே நினைவில்லை.

அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டி.டி.ஆர். வந்தார். "எஸ் செவன்ல ஒரு பெர்த் காலியா இருக்கு. ஒருத்தர் அங்க வாங்க. ரெண்டு பேருமே நிம்மதியாப் படுக்கலாம்."

கேட்டதுமே அவள் இடுப்பு ஏங்கியது.

"நீ இங்க படுத்துக்கோ. நான் போறேன்."

அவர் எழுந்துவிட்டார். குனிந்து, இருக்கைக்கு அடியிலிருந்து, பரணிலிருந்து இறங்கிய அதே பெட்டியை இழுத்தார். போகிற இடத்துக்குப் பெட்டியோடு போகிற கை. அதற்கும் பழகிப்போயிருந்தது.

அவள் அவருடைய முதுகைப் பார்த்தாள்.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சிறுத்துக்கொண்டே போகும் முதுகு. இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று நின்று நின்று ஓய்ந்த கால்கள் இவை.

பெட்டியின் கைப்பிடியைப் பற்றினாள்.

"அதுக்குள்ள என் சேலையும்லா இருக்கு. எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியில் அவளுடைய துணி ஒன்றுகூடப் போனதில்லை. நேற்று அடுக்கும்போது அவளுக்கே அது தோன்றவில்லை.

"சார், வர்றீங்களா இல்லையா? இடம் இல்லாம ஆள் நிக்குது."

அவர் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார்.

"வேற யாருக்காவது குடுத்துருங்க சார்."

டி.டி.ஆர். அடுத்த வரிசைக்குப் போனார். எதிர்வரிசை அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார்.

மரத்த காலை அவள் மெல்ல நீட்டினாள். அவர் தொடையில் பட்டது. அவர் நகரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் பாதத்தின் மேல் போட்டார்.

ரயில் ஒரு வளைவில் சாய்ந்து திரும்பியது.

"குமட்டுதா?" என்று கேட்டார்.

அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். நகத்தால் தோலைக் கீறி மூக்கருகே வைத்தாள்.

"லேசா," என்றாள்.