வாய்க்கால் மீன்

பழைய பேட்டரி உருக்கும் ஆலையின் கழிவு வாய்க்கால் ஏரியில் விழும் இடத்தில்தான் ஓர் ஆண் கொக்கு தினமும் மீன் பிடித்தது. அங்கே மீன்கள் ஓடாது. குனிந்து கொத்தினால் போதும்.

"என்னைக் கண்டாலே மீனுக்கு உடம்பு மரத்துப்போகுது," என்றது கொக்கு.

"அது உங்க வீரமில்ல அண்ணே. அந்தத் தண்ணியில ஈயம் கலக்குது. என் குஞ்செல்லாம் அதிலதான் செத்துச்சு. முட்டையிடப்போற அண்ணிக்கு அந்த மீனைக் கொடுக்காதீங்க," என்றது கரையிலிருந்த நண்டு.

"கோணலா நடக்கிற நீ எனக்கு வழி சொல்றியா?" என்று சிரித்துவிட்டு, கொக்கு அந்த மீனையே கூட்டுக்குக் கொண்டுபோனது.

பெண் கொக்கு இட்ட முட்டைகளின் ஓடு காகிதம்போல் மெலிந்திருந்தது. அடைகாக்க உட்கார்ந்ததும் உடைந்தன. மறுமுறையும் அப்படியே.

"உட்காரத் தெரியாதவளைக் கட்டிக்கிட்டேன். வேற பெண் பார்த்துக்கிறேன்," என்றது ஆண் கொக்கு.

பெண் கொக்கு மெலிந்த முட்டையோட்டை அலகால் தொட்டுப் பார்த்தது. "தாராளமா வேற பெண் பாருங்க. அவளுக்காவது வேற இடத்து மீனைக் கொடுங்க," என்று சொல்லிவிட்டு, மலையடிக் குளத்துக்குப் பறந்துபோனது.

சீக்கிரமே கூட்டுக்குப் புதுப்பெண் வந்தது. "நீயாவது ஒழுங்கா உட்காரு" என்று அதற்குப் புத்தி சொல்லி, கொக்கு வாய்க்கால் மீனிலேயே கொழுத்ததாகப் பார்த்து ஊட்டியது.