நாலாவது மாடிக் கூடை

அலெப்போவில் எங்கள் தெருப் பெண்கள் காய்கறிக்காகப் படி இறங்க மாட்டார்கள். கூடையைக் கயிற்றில் கட்டி என் கடை வாசலுக்கு இறக்குவார்கள். நாலாவது மாடி உம்மு நிஸார் அக்காவின் கூடை பத்து மணிக்கு வரும், ஏச்சோடு. "ஏம்ப்பா அபூ ஹாஸிம், நேத்து குடுத்த வெள்ளரிக்காய்க்கு உன் வயசு இருக்கும்!"

போரில் ஊரைப் படைகள் முற்றுகையிட்ட இரண்டாம் மாதம் குண்டு விழுந்து அந்தக் கட்டடத்தில் இரண்டு மாடிதான் மிஞ்சியது. அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். மறுநாள் பத்து மணிக்கு, மாடியே இல்லாத உயரத்திலிருந்து அக்காவின் கூடை இறங்கியது. இருந்த முள்ளங்கியை வைத்து, வழக்கம்போல் கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன். ஏறிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

ஊரைக் காலி செய்யச் சொன்ன அன்று என் மனைவி ஸமீரா, "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"திட்டுவாங்க. நீயே சொல்லு."

அவள் ஒரு சீட்டு எழுதிக் கூடையில் போட்டாள். மேலே போன கூடை கனமாகத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு ஜாடி நிறைய எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய். நாங்கள் எண்ணெயைக் கண்ணால் பார்த்தே நாலு மாதமாகியிருந்தது. சீட்டின் பின்பக்கத்தில், 'வழியில சாப்பிடுங்க. ஜாடி எனக்கு வேணும்.'

இப்போது எல்லை தாண்டித் துருக்கியின் காஸியான்தெப் நகரில் இருக்கிறோம். ஜாடியைக் கழுவி ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். பனி கொட்டினாலும் பத்து மணிக்கு ஸமீரா ஜன்னலைத் திறக்கிறாள்.