இரண்டு கையாலும்

வேறு கேபிளை எடுத்து போனை லேப்டாப்பில் செருகினாள்.

போன் ஒருமுறை அதிர்ந்தது.

காலையிலிருந்து அவள் காத்திருந்தது அந்த அதிர்வுக்குத்தான். முதல் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் என்பது இப்போதுதான் உறைத்தது.

கோமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கத்தாரில் வெல்டராக இருக்கும் கணவன் இசக்கிராஜுக்கும் அப்படித்தான்.

இருவருக்கும் கைதான் பேச்சு.

பிள்ளை பிறந்ததும் அவள் பேச்சு பறிபோனது. ஒரு கையில் பிள்ளை. மறு கையில் போன். சுவரில் சாய்த்து வைத்தால் பிள்ளை எட்டிப் பிடுங்கிவிடும். வீடியோவில் அவன் பேசிக்கொண்டே இருப்பான். இவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

கொழுந்தன் தன் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். மேசைமேல் வைத்துவிட்டால் போதும், கை இரண்டும் காலி. ஆனால் வீட்டில் நெட் கிடையாது.

போன் நெட்டை இதில் எடுக்க முடியாதா என்று எழுதிக் காட்டினாள்.

தன் உதட்டசைவைப் பார்த்து அவள் புரிந்துகொள்ளட்டும் என்று அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“விடுங்க மைனி. லினக்ஸெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது. நான் ஒருநா வந்து பாக்கேன்.”

அந்த ஒருநாள் வரவேயில்லை.

இன்று வெள்ளி. கணவனுக்கு விடுமுறை.

போனில் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தாள். கேபிள் வழியே நெட் கொடுக்கும் ‘யுஎஸ்பி டெதரிங்’ இதுவரை மங்கிக் கிடந்தது; இப்போது பளிச்சென்று தெரிந்தது.

தொட்டாள்.

லேப்டாப்பின் மூலையில் ஏதோ சுழன்றது. நின்றது. இணைந்துவிட்டதாகச் சொன்னது.

அவள் நம்பவில்லை. பிரவுசரில் ‘மழை’ என்று தட்டிப் பார்த்தாள்.

திரை முழுக்க மழை.

இசக்கிராஜை அழைத்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கைகளை உயர்த்தினாள்.

பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். அந்தப் பல்லால் மாமியாரின் விரலைக் கடித்து வைத்ததை. மாமியார் போட்ட கூச்சலில் தெருவே வாசலில் வந்து நின்றதை. மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்ததெல்லாம் விரல்களில் முண்டியடித்துக்கொண்டு வந்தது.

பிள்ளை மடியிலேயே தூங்கிப்போனது.

சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று ஒன்றைக் கவனித்தான். அவள் கை இரண்டும் காற்றில்.

போன் எங்கே என்று கேட்டான். லேப்டாப்பா? யார் சரிபண்ணியது? தம்பியா?

அவள் அசையவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

படம் நின்றுவிட்டதென்று அவன் பதறினான். போனைத் தட்டினான். தலைக்கு மேலே தூக்கினான். ஜன்னலுக்கு ஓடினான்.

அதற்குமேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உள்ளங்கையை நெஞ்சில் பதித்தாள்.

நான்.



யார் சரிபண்ணியதுன்னு இன்னொரு தடவை கேளு, என்றன அவள் கைகள்.