அதிராத கோடுகள்

அதிரும் எஃகுத் தகட்டின் மேல் யமுனா மணலுக்குப் பதில் ரவையைத் தூவினாள். நடுங்கும் இடங்களை விட்டு விலகி, நடுங்காத கோடுகளில் ரவை ஒதுங்கியது. தகட்டின் ஒரு பகுதி தள்ளும் காற்றைப் பக்கத்துப் பகுதி இழுத்துக்கொள்வதால் வெளியே ஓசை அநேகமாக வராது என்றது அவள் கணினியில் போட்ட கணக்கு. மைக்கும் அதையே சொன்னது. ஆனால் தகட்டை இயக்கும்போதெல்லாம் அவள் வயிற்றில் குழந்தை உதைக்கும்.

"உங்க கணக்கு தப்புன்னு உள்ளேருந்தே ஒருத்தர் சொல்றார் மேடம்" என்று சிரிப்பார், உடன் வேலை செய்யும் தாவூத்.

இன்று காலையிலிருந்து உதை இல்லை. மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். அங்கே போனால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அதனால் இங்கே, ஆய்வகத்துக்கே வந்திருந்தாள்.

"ஃப்ரீக்வென்சியை இன்னும் கூட்டுங்க, தாவூத்."

"ரிப்போர்ட்டுக்கு இதுவே போதுமே மேடம்?"

"கூட்டுங்க."

அவள் கை வயிற்றில் இருந்ததைத் தாவூத் அப்போதுதான் பார்த்தார். மறுபேச்சில்லாமல் குமிழைத் திருகினார். ரவை துள்ளி, புதிய கோடுகளைத் தேடிப் போய் அடங்கியது.

"வண்டியை எடுக்கவா மேடம்?" என்றார் மெதுவாக.

அவள் தன் மூச்சின் அசைவையே உதை என்று நினைத்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.