நிழல் அடுக்கு

கணினியில் இருக்கும் ஊர் வரைபடத்தில், எங்கெங்கே நிழல் விழுகிறது என்று காட்டும் நிழல் அடுக்கைத் திருத்துவது நிலோபரின் வேலை. வெயில் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஏறிவிட்டதால், அதில் நிழல் இருக்கும் தெருவில் மட்டும்தான் பகலில் ஆட்கள் நடமாடலாம். காற்றில் சாய்ந்துபோன ஒரு வேப்பமரத்தை அவள் வரைபடத்திலிருந்து அழிக்கப் போனபோது, அந்தத் தெருவில் கூழ் விற்கும் பேச்சியம்மாள் போனில் அழைத்தாள்.

“மரத்த அழிச்சிராதம்மா. தெருவ அடைச்சிருவாங்க, ஏவாரம் போயிரும்.”

“இல்லாத நிழல நம்பி வாரவங்க சுருண்டு விழுந்தா என்னக்கா செய்ய?” என்று கேட்டபடி நிலோபர் மரத்தை அழித்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “எதையாவது கட்டி நிழல் போடுங்கக்கா. படத்துல தெரிஞ்சா வரைஞ்சு தாரேன்.”

பதினொரு மணிக்கு வந்த செயற்கைக்கோள் படத்தில், தெரு நெடுக மாடிக்கு மாடி சேலைகளைக் கட்டியிருந்தார்கள். நிலோபர் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பிடித்து வரைந்தாள். ‘மரத்தின் வகை’ என்று திரை கேட்ட இடத்தில் ‘நூல்சேலை’ என்று எழுதிச் சேமித்தாள். தெரு திறந்தது.