வீட்டில் படிக்கச் சொன்ன பாடம்

“ஒரே ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?” என்றார் தலைமை ஆசிரியர் பட்டாபிராமன்.

“எதுக்கு சார் கேக்கணும்? புத்தகத்துல இருக்கறதைத்தானே நடத்தினேன்?” என்றாள் லோகநாயகி டீச்சர்.

அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒருவர் முகம் சுளித்தால் போதும், வேலை போய்விடும். அவள் செய்த குற்றம், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடத்தை நடத்தியதுதான். அந்தப் பாடம் வந்ததும், ‘இதை வீட்டுல படிச்சுக்குங்க’ என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவுவதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். இவள் தாவவில்லை. மாதவிலக்கு ஏன் வருகிறது, யாராவது வேண்டாத இடத்தில் தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கும் எய்ட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். கரும்பலகையில் படம்கூடப் போட்டாள். பிள்ளைகள் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வாசலில் அம்பாசடர் வந்து நின்றது. பட்டாபிராமனுக்கு முகம் வெளுத்தது.

தனக்கோடி உள்ளே வந்தார். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் மரவாடி வைத்திருப்பவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். போன வருடம் ஒரு கணக்கு வாத்தியாரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியவர். அந்தப் பாடம் விஷயமாக நேரில் வருவதாகக் காலையிலேயே போன் செய்திருந்தார். அவருடைய இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்பில்தான் படித்தார்கள்.

“அந்தப் பாடத்தை நடத்துன டீச்சர் யாரு?”

“நான்தாங்க” என்று எழுந்து நின்றாள் லோகநாயகி.

“நேத்து சோறு துன்னும்போது எம் பொண்ணு தேன்மொழி அவ அம்மாவாண்ட பேசிகினு இருந்துச்சு. அது எதுக்கு வருது, எத்தினி நாள் இருக்கும்னு புட்டுப்புட்டு வெக்குது. எம் பொண்டாட்டிக்கே அதுல பாதி தெரியாது.”

“ஐயையோ, பெரிய தப்பு நடந்துபோச்சுங்க” என்றார் பட்டாபிராமன். “இளரத்தம். வேகத்துல பண்ணிட்டாங்க. இப்பவே மன்னிப்பு கேப்பாங்க.”

“இருங்க சார், நான் இன்னும் முடிக்கல.”

“நீங்க முடிக்கவே வேணாம். பொண்ணைப் பெத்தவர் மனசு எனக்குப் புரியாதா? கேளும்மா மன்னிப்பு.”

மின்சார ரயில் ஒன்று கடந்து போகும்வரை லோகநாயகி காத்திருந்தாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

“கேக்க மாட்டேன் சார். உங்க பொண்ணு அவங்க அம்மாகிட்ட கூச்சப்படாம பேசியிருக்கா. அதை நினைச்சா எனக்குப் பெருமையாதான் இருக்கு. வேலையே போனாலும் தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

தனக்கோடி அவளை மேலும் கீழும் பார்த்தார். பட்டாபிராமன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“மனசுல வச்சுக்காதீங்க. ஒரு நல்ல காலம், ஆம்பளப் பசங்க காதுல எதுவும் விழலை. அவங்களும் உக்காரணும்னு இந்தம்மா என்கிட்ட அன்னிக்கு ஒரே பிடிவாதம். நான் விடுவேனா? பி.டி. மாஸ்டரைக் கூப்பிட்டு அத்தனை பசங்களையும் கிரவுண்டுக்கு அனுப்பிட்டேன். இவங்க பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு உங்க மூஞ்சில முழிக்க முடியுமா?”

“ஓ, அனுப்புனது நீங்கதானா?” என்று கேட்டு, தனக்கோடி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எம் பொண்ணு அம்மாந்தெளிவா பேசுது. பக்கத்துல உக்காந்துகினு எம் பையன் ரவி ‘சீ’ன்னு கெக்கே பிக்கேன்னு சிரிக்கிறான். கூடப் பொறந்தவளைப் பாத்து சிரிக்கிறான் சார். அடிக்கக் கையைத் தூக்கிட்டேன். அப்பால கேட்டாத்தான் தெரியுது, அவனுக்கு யாருமே ஒண்ணும் சொல்லித் தரலன்னு. ஒரே நாள்ல பொறந்த ரெண்டுல ஒண்ணுக்குப் பாடம் நடத்திட்டு, இன்னொண்ணைப் பந்தாட அனுப்புனீங்களே, இது எந்த ஊரு நியாயம் சார்?”